‘இறங்கினான்’ என்பதிலிருந்து ‘இறங்கினாள்’ வரை: ஒரு குறுநாவலைத் திருத்திய கதை

இந்த ஆய்வு நான் எழுதிய குறுநாவல் ஒன்றைப் பற்றியது. அதில் நேர்ந்த பிழைகளுக்கும் நானே பொறுப்பு. ஓர் ஆண், திருநங்கை ஒருவரை மையமாக வைத்து எழுதிய கதை எங்கெங்கே தவறியது, அதை யார் கண்டார், எதைத் திருத்த முடிந்தது, எது இன்னும் அப்படியே இருக்கிறது என்பதை எழுதி வைத்தால், இதே வேலையில் இறங்குகிறவர்களுக்கு உதவும் என்று நம்புகிறேன். கையெழுத்துப் பிரதியைப் படித்துக் கருத்துச் சொன்னவர்கள் கேட்டுக்கொண்டபடி அவர்களின் பெயர்களை எங்கும் குறிப்பிடவில்லை.

கதையும் களமும்

பாலக்காடு மாவட்டம் சித்தூர் வட்டத்தில் கொழிஞ்சாம்பாறை, வேலந்தாவளம், வண்ணாமடை, மீனாட்சிபுரம் என்று தமிழ்நாட்டு எல்லையை ஒட்டிய ஊர்களில் தமிழ் பேசும் குடும்பங்கள் தலைமுறை தலைமுறையாக வாழ்ந்து வருகின்றன. ஒரே வீட்டில் மாமியார் தமிழிலும் மருமகள் மலையாளத்திலும் பேசிக்கொள்வது இங்கே யாருக்கும் வியப்பில்லை. நான் இங்கே ஒரு கொப்பரைக் களத்தில் கணக்கு எழுதுகிறேன். இருபது ஆண்டுகளாகச் சிறுகதைகள் எழுதி வருகிறேன். தமிழ்நாட்டில் 1987 முதல் கள் இறக்கத் தடை இருக்கிறது, கேரளத்தில் இல்லை. ஆகையால் எங்கள் பக்கத்துத் தென்னந்தோப்புகளில் பாளை சீவிக் கள் இறக்கும் தொழில் இன்றும் நடக்கிறது. கதையின் குடும்பம் அந்தத் தொழிலைச் சேர்ந்தது.

கதை இதுதான். கள் இறக்கும் தொழிலாளி ஒருவரின் மூத்த பிள்ளை செல்வி. 17 வயதில் வீட்டை விட்டுக் கோயம்புத்தூருக்குப் போனவள், 14 ஆண்டுகள் கழித்துத் தகப்பன் இறந்த செய்தி கேட்டு ஊருக்கு வருகிறாள். அந்த ஓர் இரவும் மறுநாள் நண்பகலும்தான் கதையின் காலம். தாய், தம்பி, அத்தை, பக்கத்து வீட்டு மலையாளத்துச் சேச்சி, செல்வியுடன் வாழும் தேங்காய் லாரி ஓட்டுநர் மணி ஆகியோர் மற்ற பாத்திரங்கள்.

முதல் வரைவு 112 பக்கம் வந்தது. ஊரில் கூடிப் படிக்கும் நண்பர்களில் இருவர் கண் கலங்கிப் பாராட்டினார்கள். மூன்றாமவர் ஒரே ஒரு கேள்வி கேட்டார்: “இதைத் திருநங்கை யாராவது படிச்சாங்களா?” யாரும் படித்திருக்கவில்லை. அந்தக் கேள்வி எனக்கு உறைத்தது. திருநங்கையர் தம் வாழ்வைத் தாமே எழுதிய தன்வரலாறுகள் 2000-க்குப் பிறகு தமிழில் வந்துவிட்டன. வரைவை முடித்த பிறகுதான் நான் அவற்றைத் தேடிப் படித்தேன். எழுத உட்காரும் முன்பே படித்திருக்க வேண்டும்.

நண்பர் ஒருவர் மூலமாகக் கோயம்புத்தூரில் கல்யாணச் சமையலுக்குப் போகும் திருநங்கை ஒருவரை அணுகினேன். அவர் நிறைய வாசிப்பவர். படித்துச் சொல்வதும் ஒரு வேலை, வேலைக்குக் கூலி உண்டு என்பதை முதலிலேயே பேசிக்கொண்டோம். இரண்டு முகூர்த்தங்களில் அவர் சம்பாதிக்கும் தொகையைக் கொடுத்தேன். மூன்று வாரம் கழித்து, பக்க ஓரமெல்லாம் பச்சை மையால் நிறைந்த பிரதியோடு அவர் வீட்டில் உட்கார்ந்து இரண்டு ஞாயிற்றுக்கிழமைகள் பேசினோம். இந்த ஆய்வில் அவரை முதல் வாசகர் என்று குறிப்பிடுகிறேன்.

விகுதி

வரைவின் தொடக்கம் இப்படி இருந்தது: ‘வேலந்தாவளத்தில் பேருந்து நின்றது. செல்வம் இறங்கினான். சேலைத் தலைப்பை இழுத்துத் தோளை மூடிக்கொண்டாள்.’

செல்வம் என்பது செல்வியின் பழைய பெயர். இரண்டு வாக்கியங்களுக்கு இடையில் விகுதி மாறுவதில் எனக்குப் பெருமை இருந்தது. படிப்பவர் திடுக்கிட வேண்டும் என்பதே நோக்கம். முதல் வாசகர் அந்த இடத்தில் கோடிட்டு, “ஏனுங்கண்ணா, பஸ் படிக்கட்டுக்கும் தரைக்கும் நடுவால எனக்கு என்ன ஆச்சுங்க?” என்று கேட்டார். ‘அவளுக்கு’ என்று சொல்லாமல் ‘எனக்கு’ என்று சொன்னதை நான் அன்று இரவுதான் கவனித்தேன்.

திடுக்கிடுவது யார் என்று அவர் அடுத்துக் கேட்டார். செல்வி திடுக்கிடவில்லை. அவள் அதே சேலையோடுதான் ஏறினாள், அதே சேலையோடுதான் இறங்கினாள். திடுக்கிட்டது அவளைப் பார்க்கும் கண். அந்தக் கண் கதைசொல்லியுடையது, ஆகவே என்னுடையது. பிள்ளைப் பருவம் வரும் பகுதிகளிலும் இதே சிக்கல் இருந்தது. அறுவைச் சிகிச்சைக்கு முன் ‘ஆன்’, பின் ‘ஆள்’ என்று மருத்துவமனை வாசலில் விகுதியைக் கட்டி வைத்திருந்தேன். பாலின அடையாளத்தை அவரவரே முடிவு செய்யலாம், அதற்கு அறுவைச் சிகிச்சையைக் கட்டாயமாக்குவது சட்டவிரோதம் என்று உச்ச நீதிமன்றம் 2014 ஏப்ரல் 15 அன்று தீர்ப்பளித்தது. அந்தச் செய்தியை நாளிதழில் படித்து, ‘நல்ல தீர்ப்பு’ என்று வீட்டில் சொன்னவன் நான். அதே ஆள், கதை எழுத உட்கார்ந்தபோது அறுவைச் சிகிச்சைச் சான்றைக் கேட்டிருக்கிறேன்.

இலக்கணம் இதைப் பற்றி என்ன சொல்கிறது என்று தேடினேன். பேடு என்ற சொல்லை எடுத்துக்கொண்ட நன்னூல், ஆண்மையை விட்டுப் பெண்மையை அவாவுவோரைப் பெண்பாலில் சேர்க்கிறது. உடலை அளக்காமல் அவாவைக் கேட்டுப் பால் சொன்ன இலக்கணம் நம்மிடம் பல நூற்றாண்டுகளாக இருக்கிறது. அடுத்த அடியிலேயே அவர்கள் அஃறிணை போலவும் ஆவர் என்று அதே நூற்பா இடம் கொடுக்கிறது. இந்த இரண்டையும் சேர்த்துத்தான் படிக்க வேண்டும். பெருமைக்காக முதல் பாதியை மட்டும் எடுத்துக் காட்டினால், பேருந்து நிலையத்தில் ‘அது வருது பாரு’ என்று காதில் விழும் குரல் எங்கிருந்து வந்தது என்பதை மறைத்தவர்கள் ஆவோம்.

தமிழில் எழுதுகிறவனுக்கு இதில் தப்பிக்க வழியில்லை என்பதையும் சொல்ல வேண்டும். எங்கள் பக்கத்து வீட்டுச் சேச்சி ‘வந்நு’ என்கிறார். வந்தவர் ஆணா பெண்ணா என்பதை அந்த வினை சொல்வதில்லை. மலையாள வினை திணை, பால், எண், இடம் காட்டும் விகுதிகளை உதிர்த்துவிட்டது. மலையாள இலக்கண நூலான கேரளபாணினீயம் இந்த மாற்றத்தைப் புருஷபேத நிராசம் என்று பெயரிட்டு விளக்குகிறது. வடக்கே நகரி, புத்தூர்ப் பக்கத்துத் தமிழர்கள் அன்றாடம் கேட்கும் தெலுங்கில் அவள் வந்ததற்கும் அது வந்ததற்கும் ஒரே வினை. தமிழில் படர்க்கையில் ஒரு வினைமுற்றை எழுதும்போதே பாலும் மதிப்பும் எழுதியாகிவிடுகின்றன. எழுத்தாளர் கருத்து எதுவும் சொல்லாமலே, ஒவ்வொரு வாக்கியத்தின் கடைசி எழுத்திலும் தம் நிலையைச் சொல்லிக்கொண்டிருக்கிறார்.

மாற்று வழிகள் நான்கைச் செய்து பார்த்தேன். முதலாவது, மரியாதைக்காக ‘ஆர்’ விகுதி. ‘செல்வி இறங்கினார், தலைப்பை இழுத்து மூடிக்கொண்டார்’ என்று 10 பக்கம் எழுதினேன். தம்பி வந்தான், தாய் அழுதாள், செல்வி மட்டும் வந்தார், அழுதார். அவளை வீட்டுக்குள் விடாமல் திண்ணையில் நாற்காலி போட்டு உட்கார வைத்தது போல் இருந்தது. முதல் வாசகரை இந்த ஆய்வில் நான் ‘அவர்’ என்று எழுதுவது அவர் நான் மதிக்கும் மனிதர் என்பதால். செல்வி என் கதையின் பெண், வீட்டுப் பிள்ளை. அவளுக்கு வேண்டியது அந்த வீட்டில் மற்றவர்களுக்குக் கிடைக்கும் அதே விகுதி.

இரண்டாவது வழி தன்மை, அதாவது செல்வியே ‘நான்’ என்று கதை சொல்வது. ‘இறங்கினேன்’ என்பதில் பால் இல்லை, சிக்கல் தீர்ந்துவிடும் என்று எண்ணினேன். முதல் வாசகர் இதை உறுதியாக மறுத்தார். “பாத்து எழுதினீங்கன்னா சரிங்க. என்ற தொண்டைக்குள்ள உக்காந்து எழுதறதுன்னா எனக்கு என்னமோ மாதிரி இருக்குது” என்றார். எல்லா எழுத்தாளருக்கும் இது விதி ஆகாது. இந்தக் கதைக்கு அதை ஏற்றுக்கொண்டேன். வினைமுற்றே இல்லாமல் எச்சங்களால் வாக்கியத்தை இழுத்துச் செல்லும் மூன்றாவது வழி இரண்டு பக்கத்திலேயே மூச்சுத் திணறியது. கடைசியில் நிலைத்தது எளிய வழிதான்: ஐந்து வயதுப் பிள்ளையாக அவள் தென்னை மரத்தடியில் தகப்பன் இறங்கி வரக் காத்திருக்கும் காட்சி முதல் கடைசி வரி வரை கதைசொல்லிக்கு அவள் செல்வி, எப்போதும் ‘ஆள்’.

அப்படி முடிவு செய்ததும், ஊராரின் பேச்சு முழுவதும் எனக்குத் திறந்துகொண்டது. கதைசொல்லி உறுதியாக நின்றுவிட்டதால், பிறர் எந்த விகுதியைப் பிடித்துக்கொள்கிறார்கள் என்பதே அவர்களின் குணத்தைக் காட்டிவிடுகிறது. நினைவில் வரும் தகப்பன் ‘அவன்’ என்கிறார். தம்பி விகுதியே இல்லாமல் தப்பிக்கிறான்: “வந்தாச்சா?”, “சாப்பிட்டாச்சா?”, “குளிச்சாச்சுன்னா எடுத்துரலாம்.” நீ என்றும் நீங்கள் என்றும் சொல்ல முடியாத இடத்தில் நாம் எல்லோரும் ஒளிந்துகொள்ளும் ‘ஆச்சு’ அது. சேச்சி, “குட்டி வந்நோ?” என்று கேட்கிறார். அவருடைய நல்ல மனம் எவ்வளவு, அவருடைய மொழி தந்த வசதி எவ்வளவு என்று பிரித்துச் சொல்ல முடியாது. பிரிக்க முயலாமல் விட்டேன்.

தாய் ‘அது’ என்கிறாள். இந்த ஒரு சொல்லில் நாங்கள் ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுவதும் நின்றோம். கடைவீதியில் வசவாக வரும் ‘அது’வும், கொங்குப் பக்கத்துத் தாய்மார் பிள்ளைகளைப் பற்றிச் சொல்லும் ‘அது இன்னும் சாப்பிடலைங்க’ என்பதில் வரும் ‘அது’வும் ஒரே எழுத்துகள்தான். முதல் வாசகரின் தாய் கடைசி வரை அவரை அப்படித்தான் சொன்னாராம். நேரில் கூப்பிடும்போது ‘கண்ணு’, ‘சாமி’. ஆண் பிள்ளைக்குச் சொல்லும் ‘அப்புனு’வும் கிடையாது, பெண் பிள்ளைக்குச் சொல்லும் ‘அம்மிணி’யும் கிடையாது. “எங்கம்மா ரொம்பக் கெட்டிக்காரிங்க. ரெண்டு பக்கமும் காலை வெக்காமயே நடந்துட்டாங்க” என்றார். அந்தச் சொற்களைக் கதையில் பயன்படுத்தலாமா என்று கேட்டு, அவர் சம்மதித்த பிறகே பயன்படுத்தினேன்.

கொள்ளி

வரைவின் உச்சம் என்று நான் நினைத்த காட்சி சுடுகாட்டில் நடந்தது. மூத்த மகன்தான் கொள்ளி வைக்க வேண்டும் என்று ஊர் சொல்ல, செல்வி சேலையைக் களைந்து, வேட்டி கட்டி, முடியை மழித்துக்கொண்டு தகப்பனுக்குத் தீ வைக்கிறாள், ஊரே அழுகிறது. நண்பர்கள் இருவரும் கண் கலங்கியது இந்த இடத்தில்தான்.

முதல் வாசகர் இங்கே எதுவும் எழுதவில்லை. பக்கத்தின் குறுக்கே ஒரு கோடு மட்டும் இருந்தது. கேட்டபோது, “அப்பனுக்காக அவ மறுபடி ஆம்பளை ஆகறது உங்களுக்கு இனிக்குதுங்க. அதான் இவ்வளவு அழகா எழுதியிருக்கறீங்க” என்றார். பதினான்கு ஆண்டு அவள் பட்ட பாடெல்லாம் அவளிடமிருந்து இந்த ஒன்றைப் பறித்துக்கொள்வதற்கான முன்கதையாக ஆகியிருந்தது. அவளை மன்னிக்க ஊருக்கு ஒரு விலை தேவைப்பட்டது. அந்த விலையை வைத்தது ஊரல்ல, நான்.

இதே வேரிலிருந்து வந்த இன்னொரு காட்சியும் போயிற்று. எங்கள் பாலக்காட்டுப் பக்கத்தில் பொறாட்டு நாடகம் உண்டு. மலையாளமும் தமிழும் கலந்த பாட்டு, பெண் பாத்திரங்களையும் ஆண்களே கட்டுவது வழக்கம். சிறு வயதில் செல்வி அந்தப் பெண் வேடக்காரரைப் பார்த்துத் தன்னை அறிந்துகொள்வதாக எழுதியிருந்தேன். எனக்கு மிகவும் பிடித்த ஆறு பக்கங்கள் அவை. “வேசம் விடிஞ்சா கலைஞ்சிரும். கலைக்கறதுக்கு என்கிட்ட வேசமே இல்லைங்க” என்று ஓரத்தில் எழுதியிருந்தார். அதை வெட்டச் சில நாட்கள் எனக்கு மனம் வரவில்லை. வேறொரு திருநங்கையின் வாழ்வில் அந்த நாடகம் உண்மையாகவே முக்கியமானதாக இருக்கலாம். என் வரைவில் அது வந்ததற்குக் காரணம், திருநங்கை என்றதும் பெண் வேடமிட்ட ஆண் என்ற படம் எனக்குள் எழுந்ததுதான்.

திருத்திய வடிவில் கொள்ளி வைப்பவன் தம்பி. காட்சி சுடுகாட்டுக்குப் போகவே இல்லை. வீட்டு முற்றத்தில் வாய்க்கரிசி போடும் நேரத்தில் நிற்கிறது. முறை சொல்லிக் கூப்பிடுகிறவர், “மகளுங்க எல்லாம் வாங்க” என்கிறார். அந்த வீட்டில் வேறு மகள் இல்லை. பெரியப்பன் மகள் ஒருத்தி எழுந்து வருகிறாள். செல்வி சுவரோரம் நிற்கிறாள். பிணத்தைச் சுற்றித் தோள் சேர்த்து உட்கார்ந்து அழுகிற பெண்களில் அத்தை மட்டும், அழுகையை நிறுத்தாமல், பக்கத்தில் இருப்பவளின் தோளிலிருந்து கையை எடுத்து ஓர் ஆள் உட்காரும் இடைவெளி விடுகிறாள். இந்த அசைவை நான் கற்பனையில் தேடிப் பிடிக்கவில்லை. எங்கள் ஊர்ச் சாவு வீடுகளில் தாமதமாக வந்து சேரும் மகளுக்குப் பெண்கள் இப்படித்தான் இடம் விடுகிறார்கள்; நூறு முறை பார்த்திருக்கிறேன். கையில் அரிசியோடு குனிகிற செல்வியின் பின்னால், பிறகுதான், தாயின் குரல் வருகிறது: “நல்லாப் போடு அம்மிணி.”

தாய்

நான் அஞ்சி அஞ்சி எழுதிய பாத்திரம் செல்வி. அஞ்சாமல் எழுதியவள் தாய். பெண்ணைப் பற்றி ஆண் எழுதுவதும் வேறு பாலினத்தை எழுதுவதுதான் என்பது எனக்குத் தோன்றவே இல்லை, ஏனென்றால் தமிழில் ஆண்கள் தாயைப் பற்றி எழுதாத நாளில்லை. முதல் வாசகர் இரண்டாம் ஞாயிறு விடைபெறும்போது சொன்னார்: “என்னையக்கூட எழுதிட்டீங்க. அம்மாவைத்தான் எழுதவே இல்லை.”

வீட்டுக்கு வந்து எண்ணிப் பார்த்தேன். தாயை எழுவாயாகக் கொண்ட வாக்கியங்கள் 37 இருந்தன. அவற்றில் 21 வாக்கியங்களில் அவள் அழுதாள், விம்மினாள், கண்ணைத் துடைத்தாள். பிரதியை என் அக்காவிடம் கொடுத்தேன். ஒரு மணி நேரத்தில் படித்துவிட்டு, “பதினாலு வருசம் ஊர்க்காரங்ககிட்ட என்ன சொல்லிச் சமாளிச்சாடா இவ? இவளுக்குக் கோபமே வராதா?” என்று கேட்டாள். அந்த இரண்டு கேள்விகளிலிருந்துதான் தாய் உருவானாள். கோயம்புத்தூரில் மில் வேலை என்று அவள் சொல்லி வைத்திருக்கிறாள். கேட்பவர் மாறும்போதும் மில்லின் பெயர் மாறாமல் பார்த்துக்கொண்டிருக்கிறாள். பண்டிகைதோறும் தானே துணி எடுத்து, ‘அங்கிருந்து வந்தது’ என்று காட்டியிருக்கிறாள். ரேஷன் கார்டில் மூத்த பிள்ளையின் பெயரை நீக்கக் கணவன் சொன்னபோது சம்மதிக்கவில்லை. அந்த அட்டையில் இருக்கும் பெயர் செல்வம். அவள் காப்பாற்றியதும் மறுத்ததும் ஒரே பெயரைத்தான். பழைய பெயரைக் கதையிலிருந்து முழுவதும் எடுத்துவிட முடியுமா என்று முதல் வாசகர் கேட்டிருந்தார். அட்டையில் வரும் அந்த ஓர் இடத்தை மட்டும் வைத்துக்கொள்ள அவரும் ஒப்புக்கொண்டார்.

வரைவின் முகப்பில் குலசேகர ஆழ்வாரின் பாசுரம் ஒன்றைப் போட்டிருந்தேன். எங்கள் மாவட்டத்திலேயே, பாரதப்புழைக் கரையில் இருக்கும் திருவித்துவக்கோட்டுப் பெருமானைப் பாடியது. பெற்ற தாய் சினந்து தள்ளினாலும் அவள் அருளையே நினைத்து அழும் குழந்தை போல இருக்கிறேன் என்பது அதன் பொருள். அடுத்த பாசுரத்தில் அவர் தம்மைக் குலமகளாகவும் உவமிக்கிறார். ஆழ்வார்களே பெண்ணாகவும் குழந்தையாகவும் நின்று பாடியிருக்கும்போது நமக்கு என்ன தடை என்று ஒரு நண்பர் கேட்டார். அந்த மரபு எனக்கு உயிரானது. ஆனால் ஆழ்வார் பெண்ணாக நின்று பேசியது இறைவனிடம். நான் எழுதியதைப் படித்துவிட்டு ‘இது நான் இல்லை’ என்று சொல்லக்கூடிய ஒருவர் கோயம்புத்தூரில் வெங்காயம் நறுக்கிக்கொண்டிருக்கிறார். அத்தோடு, செல்வி 14 ஆண்டும் அழுதுகொண்டிருக்கவில்லை. பாசுரத்தை எடுத்துவிட்டேன்.

மணி

மணியிடம் நான் செய்த பிழைதான் எல்லாவற்றிலும் பெரியது என்று இன்று நினைக்கிறேன். அவன் என் பாலினத்தவன், என் வயதுக்காரன், எங்கள் களத்துக்கு வந்து போகும் லாரி ஓட்டுநர்களைப் போன்றவன். அவனைப் பற்றி யாரையும் கேட்க வேண்டும் என்று எனக்குத் தோன்றவில்லை. வரைவில் அவன் செல்வியின் நகையை வாங்கி அடகு வைத்துவிட்டு வேறொருத்தியை மணந்துகொள்கிறான்.

முதல் வாசகர் சொன்னதை அப்படியே எழுதுகிறேன்: “இப்பிடி நடக்காதுன்னு நான் சொல்லலைங்க. எனக்கே நடந்திருக்குது. ஆனா நீங்க நடந்ததுங்கறதுக்காக எழுதலை. அவளை ஒருத்தன் ஆசைப்பட்டு வெச்சிருப்பான்னு உங்களால நம்ப முடியலை, அதனால எழுதியிருக்கறீங்க.”

மறுக்க என்னிடம் ஒன்றும் இல்லை. மணியின் மனத்தை எழுத வேண்டிய இடம் வரும்போதெல்லாம் அவனை லாரியில் ஏற்றி வெளியூருக்கு அனுப்பியிருக்கிறேன். பிரதியைத் திரும்பப் படித்தால் அது தெரிகிறது. அவளை விரும்பும் ஆணை உள்ளிருந்து எழுதினால் படிப்பவர்கள் என்னைப் பற்றி என்ன நினைப்பார்களோ என்ற கூச்சம் எனக்கு இருந்தது. அந்தக் கூச்சத்துக்கு நகையைத் திருடும் கதையைப் போர்வையாக்கினேன். பால் வேறுபாட்டைக் காட்டிலும் விருப்பத்தின் வேறுபாட்டை எழுதுவது எனக்குக் கடினமாக இருந்தது, அதுவும் என்னைப் போன்ற உடலுள்ள ஒருவனிடத்தில்.

சட்டம் இதில் என்னைவிட முன்னே போயிருந்தது. இந்துத் திருமணச் சட்டத்தில் வரும் ‘மணமகள்’ என்ற சொல் திருநங்கையையும் குறிக்கும் என்று சென்னை உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை 2019 ஏப்ரல் 22 அன்று தீர்ப்பளித்து, தூத்துக்குடியில் நடந்த ஒரு திருமணத்தைப் பதிவு செய்ய உத்தரவிட்டது. ஒரு சொல்லின் பொருளை வைத்து வந்த தீர்ப்பு அது.

ஆனால் மணியை மாற்றியது தீர்ப்பு அல்ல. இரண்டாம் ஞாயிறு மாலை முதல் வாசகரின் கணவர் தேநீர் கொண்டுவந்தார். மூன்று தம்ளர்களையும் கீழே வைத்துவிட்டு, ஒன்றை மட்டும் எடுத்து, மேலே படிந்த பாலாடையைக் கரண்டியால் வழித்துத் தன் தம்ளரில் போட்டுக்கொண்டு, அதை அவரிடம் நீட்டினார். அவரும் பேச்சை நிறுத்தாமல் வாங்கிக்கொண்டார். இருவரும் அதைக் கவனிக்கவே இல்லை. திருத்திய வடிவில் மணி நல்லவனுமல்ல, தியாகியுமல்ல. சாவு வீட்டுக்குள் வரத் துணிவில்லாமல் நாட்டுக்கல் சாலையில் லாரியை நிறுத்திவிட்டு விடிய விடிய உட்கார்ந்திருக்கிறான். தேநீரின் பாலாடையை வழிக்கும் பழக்கம் அவனுக்கு உண்டு.

சிறு திருத்தங்கள்

வரைவில் செல்வி கடைகளில் கை நீட்டி வாழ்கிறாள். கூவாகத் திருவிழா ஒரு முழு அத்தியாயம். சித்திரையில் 18 நாள் நடக்கும் விழா அது. “மிச்ச நாளெல்லாம் நாங்க எங்க இருக்கறோம்னு யாருமே எழுத மாட்டீங்களாங்க?” என்பது முதல் வாசகரின் குறிப்பு. செல்வி இப்போது சமையல்காரி. சாவு வீட்டில் கடுங்காப்பி இருந்த பாத்திரத்தைப் பார்த்ததும் அது எத்தனை பேருக்குக் காணும், எப்போது தீரும் என்று அவளுக்குத் தெரிந்துவிடுகிறது. ஜமாத் என்னும் திருநங்கையர் சமூக அமைப்புக்குள் மட்டும் புழங்கும் சில சொற்களை அலங்காரமாகத் தூவியிருந்தேன். அவை வெளியே விரித்துப் போட வேண்டியவை அல்ல என்று அவர் சொன்னதால் எடுத்துவிட்டேன். வசைச்சொற்களை முழுவதும் நீக்கச் சொல்வார் என்று எதிர்பார்த்தேன். சொல்லவில்லை. ஊர்க்காரன் வாயில் ஒரே ஒரு முறை வரட்டும், பிறகு அவன் வாயைத் திறக்கும்போதெல்லாம் படிப்பவருக்கே அது கேட்டுவிடும் என்றார். கதைசொல்லியின் மொழிக்கு, சென்னை உயர் நீதிமன்றத்தின் தலையீட்டுக்குப் பின் தமிழ்நாடு அரசு 2022 ஆகஸ்டில் அரசிதழில் வெளியிட்ட, பாலினம் பற்றிய சொற்பட்டியல் துணையாக இருந்தது. எல்லைக்கு இந்தப் பக்கத்தில் அந்த அரசிதழ் செல்லாது, ஆனால் மொழி ஒன்றுதான்.

தீராத ஒன்று இருக்கிறது. முதல் வாசகர் ஒருவர். அவர் எல்லாத் திருநங்கையரின் சார்பிலும் பேசவில்லை, அப்படிப் பேச வைக்கவும் கூடாது. செல்வியின் சாயல் அவருடைய வாழ்க்கைப் பக்கம் சாய்ந்துவிட்டது எனக்குத் தெரிகிறது. இன்னும் இருவரிடம் கொடுத்திருந்தால் வேறு செல்வி வந்திருப்பாள். அச்சுக்குப் போகும் அவசரத்தில் அதைச் செய்யாமல் விட்டேன்.

புத்தகம் 300 பிரதிகள் அச்சாகி வந்ததும் முதல் பிரதியை எடுத்துக்கொண்டு கோயம்புத்தூருக்குப் போனேன். அவர் படிக்கத் தொடங்கியவர், மூன்றாம் அத்தியாயத்தில் நிறுத்திப் பக்கத்தை என் பக்கம் திருப்பினார். பள்ளிக்கூடம் விட்டு வரும் செல்வி தகப்பனுக்குச் சோறு கொண்டு போகும் இடம். எங்கள் தோப்பு வழி, என் சொந்த நினைவிலிருந்து எழுதியது, ஒரு சொல்லும் மாற்றாமல் முதல் வரைவிலிருந்தே வந்த பத்தி. ‘தூக்குப் போசியை எடுத்துக்கொண்டு போனான்’ என்று இருந்தது. மெய்ப்பு பார்த்த மூவர் கண்ணிலும் அது படவில்லை. அவர் பச்சைப் பேனாவை எடுத்து ‘ன்’னை அடித்து ‘ள்’ என்று எழுதிவிட்டு, வீட்டில் எத்தனை பிரதி இருக்கிறது என்று கேட்டார். 180 இருந்தது. அடுத்த ஞாயிறு அவரும் கணவரும் வேலந்தாவளம் பேருந்தில் வந்து இறங்கினார்கள். என் அக்காவையும் சேர்த்து நால்வர் உட்கார்ந்து இருட்டுவதற்குள் அத்தனையையும் திருத்தினோம். ஏற்கெனவே கடைகளுக்குப் போய்விட்ட 119 பிரதிகளில் அது ‘போனான்’ என்றே இருக்கிறது.